டம்ளர் நடுங்கும் நேரம்

அக்டோபர் 5, ஞாயிறு

தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர் முதலில் நடுங்கும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். பெரிய விமானங்கள் கிளம்பும்போது வீடே அதிரும், ஆனால் டம்ளர் சும்மா இருக்கும். இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சின்ன விமானம் மதியம் கிளம்பும்போது மட்டும் டிக் டிக் டிக் என்று மூடியில் தட்டிக்கொண்டே நகரும். ஏன் அப்படி என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்டதில்லை.

அந்தச் சின்ன விமானம் யாழ்ப்பாணம் போகிறது. திருச்சி விமான நிலையத்தின் சுவரிலிருந்து எங்கள் அகதி முகாம் கூப்பிடு தூரம். நான் பிறந்தது இங்கேதான். அப்பாவும் அம்மாவும் நான் பிறப்பதற்கு முந்தின வருடம் படகில் வந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று அம்மா திரும்பிப் போனார். அம்மப்பா இறந்த பிறகும் அம்மா வரவில்லை. காணியை விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னார். அம்மாவின் வீடு பலாலியில், அங்கே உள்ள விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அதனால் இங்கே என் தலைக்குமேல் ஏறுகிற விமானம் அங்கே அம்மாவின் தலைக்குமேல் இறங்குகிறது.

இந்த வருடம் சித்திரையிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். டம்ளர் நடுங்கியதும் நான் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். ஒரு மணி நேரம் போல ஆனதும் அம்மாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். எடுக்கக் கூடாது. வந்துவிட்டது என்று அர்த்தம்.

பேசினால் எனக்கு என்ன பேசுவது என்று தெரியாது. இது சுலபமாக இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

நான் வேலை செய்யும் தையல் கடையில் தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. இன்று முழுக்க ஹூக் தைத்தேன். ஊசி இரண்டு முறை குத்தியது. விமானம் போனது. அம்மாவும் கூப்பிட்டு வெட்டினார்.

அக்டோபர் 9, வியாழன்

தையல் கடை ரெஜினா அக்கா இன்று போனில் வரைபடத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். அவர் திருச்சிக்காரர். வாய் ஓயாது. நான் பதில் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை, எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். திருச்சியில் ஒரு விரலையும் யாழ்ப்பாணத்தில் ஒரு விரலையும் வைத்தார். நேர்க்கோட்டில் இருநூறு கிலோமீட்டர் கூட இல்லை. சென்னை அதைவிட ரொம்ப தூரம்.

"ஏண்டி, நான் என் நாத்தனார் வீட்டுக்குப் போக பஸ்ஸுல சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள நீ உங்கம்மாவைப் பாத்து, சோறு தின்னு, சண்டையும் போட்டுட்டுத் திரும்பி வந்துரலாம் போலருக்கே."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் குழப்பமாக இருந்தது. யாழ்ப்பாணம் ரொம்ப தூரம் என்றே நான் நினைத்திருந்தேன். அதனால்தான் யாரும் போகவும் இல்லை வரவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் பெயிண்ட் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கண் இமையில்கூட வெள்ளைப் பொட்டு.

"நாங்கள் வரேக்க ஒரு இரவும் ஒரு பகலும் எடுத்தது" என்றார்.

அது படகில். நான் கேட்டது விமானத்தைப் பற்றி. அவர் பிரஷ்களை எடுத்துக்கொண்டு லோகேஸ் அன்ரி வீட்டுப் பக்கம் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டுப் பக்கமும் குழாய் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

லோகேஸ் அன்ரி எங்கள் வரிசையில் கடைசி வீடு. அவருடைய கணவர் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போனவர். போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது. அன்ரிதான் எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுத்தார். முதல் முறை எனக்கு வயிற்று வலி வந்தபோது வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

போன மாதம் அப்பாவின் போன் பிரைமர் வாளிக்குள் விழுந்தது. அதிலிருந்து அப்பாவுக்கு யாராவது பேச வேண்டுமானால் அன்ரியின் நம்பருக்குத்தான் அடிக்கிறார்கள். மேஸ்திரி, பெயிண்ட் கடைக்காரர், எல்லோரும். எனக்கும் அந்த நம்பர் மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்று அம்மா வீடியோவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முகம் காட்டுவார். எனக்குப் பின்னால் அடுப்படியில் மீன் குழம்புச் சட்டி அவருக்குத் தெரிந்தது போல. யார் சமைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. சோறு நான்தான் வடித்தேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று செக்கிங். மாதத்தில் ஒரு நாள் முகாமில் எல்லோரும் வேலைக்குப் போகாமல் வரிசையில் நிற்க வேண்டும். அதிகாரி வீட்டு நம்பரைக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் அவர் முன்னால் போய் முகம் காட்ட வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களைக்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டதும் நான் போனேன். அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் அன்ரிக்குப் பின்னால், அன்ரியின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லை.

"தவராசா அண்ணை, எந்த வீட்டு லைன் எண்டு முடிவெடுத்திட்டு நில்லுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அப்பா குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

வரிசை மாறி நிற்பது எல்லோருக்கும் நடப்பதுதான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் காது சூடாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

அம்மாவிடம் போக அனுமதி வந்துவிட்டது.

போன ஆவணியில் எனக்குப் பதினெட்டு முடிந்ததுமே அம்மா சொல்லி அப்பா என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். ஊர் திரும்புகிறவர்கள் பட்டியலில் என் பெயரைக் கொடுத்தோம். தன் பெயரை அடுத்த தடவை கொடுப்பதாகச் சொன்னார். அடுத்த தடவையும் அப்படியே சொன்னார். இன்று வந்திருப்பது எனக்கு மட்டும்தான். அடுத்த மாதம் ஆறாம் தேதி, அதே சின்ன விமானம்.

"நீ முதல் போ பிள்ளை. நான் பின்னால வாறன்."

எப்போது என்று கேட்டேன். கே.கே. நகரில் மூன்று மாடி வீடு ஒன்றுக்குப் பெயிண்ட் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்றார்.

அந்த வீடு போன வாரமே முடிந்துவிட்டது. கிரகப்பிரவேச லட்டு இரண்டு கொண்டுவந்து கொடுத்தாரே. ஒன்றை நான் தின்றேன். இன்னொன்றை அவர் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாங்கள் மூன்று பேரும் அன்ரி வீட்டில் சாப்பிட்டோம்.

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து மழை. ஓட்டுக்குக் கீழே மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தேன். மதியம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. சத்தமும் இல்லை. ரெஜினா அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். நான் போன் செய்ததே அவருக்கு ஆச்சரியம். பார்த்துவிட்டு, மழையால் இன்றைக்கு யாழ்ப்பாண விமானம் கிடையாது என்றார்.

அதனால் நான் அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கவில்லை.

ஆனால் எப்போதும் வருகிற நேரத்துக்கு அம்மாவிடமிருந்து மிஸ்டு கால் வந்தது.

வந்துவிட்டது என்று. எது வந்தது?

அக்டோபர் 23, வியாழன்

சாயங்காலம் நானே அம்மாவுக்கு அடித்தேன். எடுப்பதற்குள் வெட்டிவிடலாமா என்று இருந்தது. அம்மா எடுத்துவிட்டார். நேற்று இங்கிருந்து விமானமே கிளம்பவில்லை என்று சொன்னேன்.

அம்மாவுக்குப் பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"நான் பகலில வீட்ட நிக்கிறதில்லை பிள்ளை. கிளிநொச்சியில ஒரு தையல் கொம்பனியில வேலை. விடியப் போனா பொழுதுபடத்தான் வாறது."

"அப்ப விமானம்?"

"போனில அலாரம் வச்சிருக்கிறன். அது அடிக்கேக்க பாத்ரூம் எண்டு சொல்லி எழும்பி வந்து உனக்கு அடிக்கிறன்."

"ஏனம்மா?"

"நீ அங்க நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பாய். இஞ்ச பாக்க ஒருத்தரும் இல்லையெண்டா நல்லாவோ?"

 அம்மாவும் ஜாக்கெட்தான் தைக்கிறாரா, ஹூக் யார் தைப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா கேட்டார்.

"லோகேஸ் இன்னும் அங்கதானோ?"

இத்தனை வருடத்தில் அம்மா அன்ரியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா என்னிடம் உண்மை சொன்னதால் நானும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ஓம்" என்றேன்.

"அண்டைக்கு அடுப்பில இருந்தது அவள் வச்ச குழம்புதானே. அந்தக் கலர் எனக்குத் தெரியும். நாங்கள் வந்த புதுசில எங்களுக்கெல்லாம் அவள்தான் சமைச்சுத் தந்தவள்."

"ஓம்."

"நல்லாத்தான் வைப்பாள்" என்றார் அம்மா. பிறகு, "நீ வா. உன்ர அப்பாவைக் கேட்டுக்கொண்டு நிக்காத" என்றார்.

அப்பாவிடம் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்காதே என்கிறாரா, அப்பா வருகிறாரா என்று கேட்காதே என்கிறாரா, இரண்டும்தானா? அப்பா வருகிறாரா என்று அம்மா இதுவரை என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

சில நாட்களில் நானும் டம்ளரைப் பார்க்காமல், கடையில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்து அடித்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

அம்மாவிடம் போகிற சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய் என்று ரெஜினா அக்கா கேட்டார். நான் யோசிப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒரே ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் ஹூக் தைத்து வைத்திருந்தேனாம், ஹூக் மாட்டும் கண்ணியே இல்லை.

"இங்க இருந்தா உன்னைச் சிலோன்காரிம்பாங்க. அங்க போனா இந்தியாக்காரிம்பாங்க. அந்த ஒரு மணி நேரம் மேல பறக்குறப்ப மட்டும்தான்டி உனக்கு நிம்மதி."

கேலிக்குத்தான் சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் புது டீச்சர் எழுப்பி நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்று சொல்வதா, பார்க்காத ஊரைச் சொல்வதா என்று நின்றுகொண்டே இருந்தேன். வகுப்பே பார்த்தது. அடுத்த வாரத்திலிருந்து போகவில்லை. அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. பலாலியில் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் அங்கேயும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

போக விருப்பமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாது. அம்மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குச் சட்டைக் காலரில் பெயிண்ட் எடுக்க மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அன்ரிக்குத் தெரியும்.

அக்டோபர் 31, வெள்ளி

நான் பாத்திரம் கழுவும்போது அன்ரி வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது காய்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது.

"உனக்கு மனமில்லாட்டி போகாத பிள்ளை. என்னால எண்டா சொல்லு. நான் என்ர வீட்டோட நிப்பன். இந்தப் பக்கம் வரமாட்டன்."

அன்ரி எப்போதும் அவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"உங்களால இல்லை அன்ரி" என்றேன். அதைச் சொன்ன பிறகு, எது உங்களால் இல்லை என்று எனக்கே தெரியவில்லை. அன்ரி என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவர் சேலையில் டர்பென்டைன் வாசம் அடித்தது. அப்பாவின் வாசம்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா வீடியோவில் வரவில்லை. ஞாயிறும் வேலை என்று செய்தி அனுப்பினார். ஐந்து நாள் லீவு சேர்த்துக்கொண்டிருக்கிறாராம்.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா என் பத்திரங்களையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் பையில் போட்டார். பையின் வாயை மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினார். அதன்மேல் இன்னொரு பை, மறுபடி மெழுகுவர்த்தி. மூன்று பை. கடைசிப் பைக்குள் காற்றுக்கூடப் போகாது. தண்ணீர் வாளியில் அமுக்கிப் பார்த்தார். குமிழி வரவில்லை.

"உப்புத் தண்ணி ஏறினா எல்லாம் கூழாப் போயிடும்" என்றார்.

விமானத்தில் உப்புத் தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்கவில்லை. அவர் வந்தபோது இப்படித்தான் கட்டிக்கொண்டு வந்திருப்பார். தேசிக்காய் என்று அவர் சொல்லும் எலுமிச்சம்பழமும் நாலு வாங்கி வந்திருந்தார். தலை சுற்றினால் மோந்து பார்க்க. பேரீச்சம்பழம், ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், மாற்று உடுப்பு தனியாக. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவும் எதற்கு என்று அன்ரிதான் கேட்டார். அப்பா தேசிக்காய்களைப் பையின் மூலைக்கு ஒன்றாக வைத்தார்.

அப்போது மேலே விமானம் போனது. டம்ளர் மூடியிலிருந்து கீழே விழுந்தது. அப்பா அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் ஒருநாளும் பார்ப்பதில்லை.

அப்பாவுக்காகவும் ஒரு சட்டையை என் பையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பிறகு வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பலாலியில், அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அன்ரி தன் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். மேலே குளிரும் என்றார். அன்ரியும் விமானத்தில் போனதில்லை. வாசல்வரை வந்தார், ஆட்டோவில் ஏறவில்லை. ரெஜினா அக்கா ஒரு ஊசிப் பெட்டி கொடுத்தார். அதை விமானத்துக்குள் விடமாட்டார்கள் என்று பிறகு அவரே பிடுங்கிப் பெரிய பைக்குள் வைத்தார்.

விமான நிலைய வாசலில் துப்பாக்கி வைத்த காவலர் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது என்று சொன்னார். அப்பா உடனே இரண்டு அடி பின்னால் போய் நின்றார். காவலர் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை.

நீங்களும் வாங்கோ என்று சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அப்பாவின் சட்டை சுத்தமாக இருந்தது. காலரில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. அதை நான் துவைக்கவில்லை.

"இறங்கின உடன ஒரு மிஸ்டு கால் அடி" என்றார்.

"எந்த நம்பருக்கு அப்பா?"

அவர் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"உனக்குத் தெரியும்தானே" என்றார்.

"தெரியும்" என்றேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

உள்ளே பத்திரம் கேட்டார்கள். பையைத் திறக்க முடியவில்லை. பல்லால் கடித்தேன். பின்னால் வரிசை நின்றது. கவுண்டரில் இருந்த பெண் சின்னக் கத்தரிக்கோல் எடுத்து ஒவ்வொரு பையாக வெட்டினார். "என்னம்மா இது, கடல்ல முக்கி எடுத்தாக்கூட நனையாது போலருக்கு" என்றார். எங்கள் அப்பா கட்டினது என்று சொன்னேன். தெரியாத ஒருவரிடம் நானாக ஒரு வார்த்தை பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விமானம் கிளம்பியதும் ஜன்னலில் முகத்தை வைத்து முகாமைத் தேடினேன். எல்லாக் கூரையும் ஒன்று போலவே இருந்தது. எங்கள் வீடு எது, கடைசி வீடு எது என்று கண்டுபிடிப்பதற்குள் வயல் வந்துவிட்டது. கீழே டம்ளர் நடுங்கியிருக்கும். அதைப் பார்க்க யாராவது வீட்டில் இருந்தார்களா என்று தெரியாது.

காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள். கோப்பைக்குள் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் வந்தது. அப்பாவின் ஒரு இரவும் ஒரு பகலும் இதற்குள் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தேசிக்காயை எடுத்து மோந்தேன், தலை சுற்றவில்லை, சும்மாதான். அந்த வாசம் போவதற்குள் பனைமரங்கள் தெரிந்தன.

வெளியே அம்மா நின்றார். போனில் தெரிவதைவிடக் குள்ளம். என் தோளுக்குத்தான் வந்தார். என்னைப் பிடித்துக் குனிய வைத்து உச்சியை மோந்தார். பிறகு ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிரிந்த இடத்தில் வேறு நிற நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலை விரலால் தடவினார். யாருடையது என்று கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்க்கவில்லை.

"பசிக்குதோ?" என்றுதான் கேட்டார்.

என் போனில் சிக்னல் இல்லை. அந்த சிம் இங்கே வேலை செய்யாதாம். அம்மாவின் போனைக் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைத் திறந்து கொடுத்துவிட்டு, என் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அன்ரியின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் 'லோகேஸ்' என்று பெயர் வந்தது. அம்மா அதை முன்பே பதிந்து வைத்திருந்தார்.

ஒருமுறை அடிக்க விட்டேன். வெட்டினேன்.